இலை எனக்கு, வேர் அவளுக்கு

ஜீப் வந்து வாசலில் நின்றபோது நான் முறத்தில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் காரம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு பெண் குதித்து இறங்கினாள். கைத்தறிப் புடவை, தோளில் கான்வாஸ் பை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற மாதிரி ஒரு பெரிய வாட்ச். ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதே கண்ணோடு என்னைப் பார்த்தாள்.

“பத்மா! அடிப்பாவி, நீ இந்த வீட்லயா இருக்கே?”

ராஜேஸ்வரி. சென்னையில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு பி.எஸ்ஸி. ரசாயனம் படித்தவள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என் மிளகாய்க் கை அவள் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. ரேஷன் அரிசிக்கு வரிசை நின்ற காலம் என்றால் என் வயதுக்காரர்களுக்குப் புரியும். செஞ்சியில் சித்திரை வெயில் சூரியன் இறங்கியதும் முடிந்துவிடாது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பாறைகள் ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும்.

இந்தத் தொடரில் என்னைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொள்கிறேன் என்று என் மகள் கேலி செய்கிறாள். சரி, இந்த வாரம் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். கலப்படம் இல்லாத பொறாமை. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. படிக்கிறவர்கள் வேண்டுமானால் எனக்காக வெட்கப்பட்டுக்கொள்ளலாம்.

முதல் மார்க்கும் மிளகாய் முறமும்

கல்லூரியில் செய்முறைத் தேர்வென்றால் முதல் மார்க் எனக்குத்தான். ராஜி சோதனைச் சாலைக்குள் நுழைந்தால் ஏதாவது ஒன்று உடையும். அமிலத்தை விடச் சொன்னால் காரத்தை விடுவாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, “உனக்கு என்ன ரீடிங்டி வந்துது?” என்பாள். நானும் சொல்லிவிடுவேன். அப்போது எனக்கு அவள்மேல் பொறாமை கிடையாது. இருக்கக் காரணமும் இல்லை.

படிப்பு முடிந்ததும் அவளுடைய அப்பா எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். எங்கள் நைனா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஒன்ன இன்னும் படிக்க வெச்சா, ஒன்ன விடப் படிச்ச மாப்பிள்ளைக்கு நம்ம ஜனத்துல நான் எங்கம்மா போவேன்?” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊரார் நயினார் என்று கூப்பிடும் எங்கள் பக்கத்து ஜைனக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பி.எஸ்ஸி. படித்த பெண்ணுக்கு ஈடாக வரன் தேடினால் எல்லாரும் சித்தப்பா, மாமா முறையில் வந்து நின்றார்கள். கடைசியில் செஞ்சி மல்லாட்டை வியாபாரி வீட்டில் என்னைக் கொடுத்தார்கள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. என் வீட்டுக்காரர் எஸ்.எஸ்.எல்.சி. தங்கமான மனிதர். மண்டியில் யார் வந்தாலும், “எங்க வீட்ல பி.எஸ்ஸி.ங்க” என்று ஒரு முறையாவது சொல்லிவிடுவார். பெருமை அவருக்கு, மிளகாய் முறம் எனக்கு.

ராஜி எம்.எஸ்ஸி. சேர்ந்த சேதி என் கல்யாணத்தன்று வந்தது. அவளே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். தாலி கட்டிய கழுத்தோடு நின்று, “ரொம்ப சந்தோஷம்டி” என்றேன். அன்றைக்கு எடுத்த போட்டோக்களில் நான் சிரிக்காத ஒன்று இருக்கிறது. எப்போது எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

சுடுகாட்டு மல்லி

அவள் இப்போது சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். மூலிகைகளிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுக்கும் வேலை. செஞ்சிக்கு அவள் தேடி வந்தது நித்தியகல்யாணிச் செடியை.

எங்கள் ஊரில் அதற்கு சுடுகாட்டு மல்லி என்று பெயர். சங்கராபரணி ஆற்றங்கரையில் பிணம் புதைக்கிற இடத்தில் வெள்ளையும் ரோஸுமாக வருஷம் பூராவும் பூத்துக் கிடக்கும். ஒரு பெண்ணும் தலையில் வைக்க மாட்டாள். சாமிக்கும் ஆகாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் யாரும் பார்க்காதபோது பூவைப் பறித்துப்போய்க் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள்.

“இதோட வேர்ல ரத்தக் கொதிப்புக்கு மருந்து இருக்குடி,” என்றாள் ராஜி. “இலையிலேர்ந்து ரத்தப் புற்றுநோய்க்கே மருந்து எடுத்திருக்காங்க வெளிநாட்ல. நம்ம மண்ணுல வளர்ற இலையில அது தேறுமான்னு எங்க பெரிய சாருக்குச் சந்தேகம். அதனால வேரைத்தான் பாக்கச் சொல்லியிருக்கார்.”

செடியை ஈரத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே புழுங்கிவிடுகிறதாம். அதனால் இங்கேயே காயவைத்து முதல் கட்ட வேலையை முடிக்க ஓர் இடம் வேண்டும். காலியாகக் கிடந்த எங்கள் மல்லாட்டைக் கிடங்கை யாரோ காட்டிவிட்டிருக்கிறார்கள். அது என் வீடு என்று தெரியாமலே வந்து நின்றாள்.

கிடங்கைக் கொடுக்க என் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். அடுத்து அவள் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

“பத்மா கை மாதிரி ஒரு கை எங்க லேப்லயே கிடையாதுங்க. ரெண்டு வாரம் அவளை எனக்கு விட்டுக்குடுங்களேன்.”

புகழ்கிறாளாம்! என் கையைப் பற்றி அவள் சர்டிபிகேட் கொடுக்கிறாள்! ஆனால் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. பச்சைத் தண்ணீர் கூட இறங்காத அளவுக்கு வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் அவருடைய அம்மாவைப் பார்த்தார். அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு சொன்னார்.

“வேரப் புடுங்கக் கூடாது. வெளக்கு வெக்கறதுக்கு முன்ன வந்து சாப்ட்டுடணும். அவ்ளோதான்.”

எங்கள் வீடுகளில் உருளை, வெங்காயம் எதுவும் சேர்ப்பதில்லை. வேரைப் பிடுங்கினால் செடியே போகிறது, மண்ணுக்குள் இருக்கிற உயிர்களும் போகின்றன. பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. வடிகட்டாத தண்ணீர் வீட்டுக்குள் வராது. அத்தை இதிலெல்லாம் ஊசி முனை அளவுக்குக் கூட வளைந்து கொடுக்க மாட்டார்.

ராஜி சிரித்துவிட்டாள். “சரிடி, இலை உனக்கு, வேர் எனக்கு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “வர்ற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய சார் வர்றார். அதுக்குள்ள இலையில ஏதாவது தேறுச்சுன்னு வெச்சுக்கோ, அந்த வேலையை உனக்கே குடுக்கச் சொல்றேன். சம்பளத்தோட. இதே ஊர்ல, இதே கிடங்குல.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்ததா என்று யாரும் கேட்க வேண்டாம்.

நயினார் வீட்டில் என்ன வாடை?

இடையில் ஒரு வேடிக்கை. அப்போது மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். இலையிலிருந்து சத்தை இறக்க ஸ்பிரிட்டில்தான் ஊறப்போட வேண்டும். பெர்மிட், சீல் எல்லாம் வாங்கி ராஜி டின் டின்னாகக் கொண்டுவந்து இறக்கினாள். வாடைக்கு பெர்மிட் தெரியுமா? தெருவையே தூக்கிக்கொண்டு போயிற்று.

மூன்றாம் நாள் ஏட்டு ஒருவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“இன்னா நயினாரே, பூச்சி புழுவுக்குக்கூட பாவம் பாக்கற ஜனம் நீங்க. நீங்களே காய்ச்ச ஆரம்பிச்சிட்டா நாங்க எங்க போறது?”

என் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்துப் போனார். ராஜி பெர்மிட்டை எடுத்து நீட்டி, ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசி, ஒரு நாற்காலியைப் போட்டு, மோர் கொடுக்கச் சொன்னாள். ஏட்டு அவளுக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். மோர் கொண்டுவந்து கொடுத்தது நான். எனக்கு யாரும் சல்யூட் அடிக்கவில்லை.

ஆடு மேய்கிற மாதிரி

செடி பறிக்க அஞ்சலை என்கிற பெண் தலைமையில் ஆற்றோரத்துச் சேரியிலிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். அவர்கள் ராஜிக்கு வேரோடு பிடுங்கிக் குவித்தார்கள். நான் பக்கத்தில் குனிந்து இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

“இன்னாம்மா இது, ஆடு மேயற மாதிரி கிள்ளினு கீற?” என்றாள் அஞ்சலை. “அந்த அம்மாவுக்கு மூட்டை ரொம்பிப் போச்சு பாரு.”

ரொம்பித்தான் போயிருந்தது. வேர் சமர்த்து. காய்ந்து, இடிபட்டு, ஸ்பிரிட்டில் ஊறி, சத்தை ஒழுங்காக இறக்கிக் கொடுத்தது. ராஜியின் ஜாடியில் முதல் வாரத்திலேயே சத்து கெட்டியாக அடியில் படிந்துவிட்டது. இத்தனைக்கும் அவள் இரண்டு குடுவைகளை உடைத்திருந்தாள்.

என் இலையோ பச்சைப் பிசின். ஸ்பிரிட்டை ஆவியாக்கினால் அடியில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. அதை அமிலம் கலந்த தண்ணீரில் கரைத்து, பச்சை போக வடிகட்டி, மறுபடி கரைத்து, மறுபடி வடிகட்டி... விரல் நகமெல்லாம் பச்சை. பக்கத்து மேஜையில் ராஜி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வாள். பாடுகிற அளவுக்கு அவளுக்கு எல்லாம் சுலபமாக நடக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிக் கட்டம். என் கரைசல் தண்ணீர் மாதிரித் தெளிந்து கண்ணாடி ஜாடியில் நின்றது. அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சத்து ஏதாவது இருந்தால் இப்போது தண்ணீரில் கரைந்திருக்க முடியாமல் பிரிந்து விழ வேண்டும். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பால் திரிகிற மாதிரி மெல்லத் திரிந்தது. துகள் துகளாகக் கூடி, மெதுவாக அடியில் இறங்க ஆரம்பித்தது.

ராஜி டிரங்க் கால் பேச போஸ்டாபீஸ் போயிருந்தாள். காட்ட ஆளில்லை. தனியாகவே நின்று சிரித்தேன். காலையில் பெரிய சார் கண்ணால் பார்க்கட்டும் என்று ஜாடியை மூடிவைத்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிடங்கைப் பூட்டி, சாவியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.

தெளிந்த தண்ணீர்

வெள்ளிக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அந்த நெரிசலில் பெரிய சாரின் கார் எங்கோ மாட்டியிருந்தது. நான் கிடங்குக்குப் போனபோது ராஜி அவருக்காக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என் ஜாடியைத் தூக்கினேன். உள்ளே பளிங்கு மாதிரி தெளிந்த தண்ணீர். அடியில் ஒரு பொட்டுக் கூட இல்லை.

“ராஜி, என் ஜாடியில கை வெச்சியா?”

“என்னடி சொல்றே?”

“நேத்து ரெண்டு விரல் உசரத்துக்குப் படிஞ்சிருந்துது. இப்ப ஒண்ணுமில்ல. உன் வேரை விட என் இலை ஜாஸ்தி குடுத்துடும்னு பயந்துட்டியா? சொல்லு!”

அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம். அவளோ ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“ரெண்டு விரலா? அவ்ளோவா விழுந்துது? அப்ப எங்க போச்சு? அமோனியா பத்தாம திரும்பக் கரைஞ்சிருக்குமோ? இன்னும் கொஞ்சம் விட்டுப் பாப்போமா?”

திருடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவள் ரசாயனம் பேசுகிறாள். இதற்குள் வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பெரிய சார் நெட்டையாக, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் என் வீட்டுக்காரர் விசிறியோடு வந்தார். சார் வேரைப் பார்த்தார், தலையாட்டினார். “இலை?” என்றார். இந்தத் தெளிந்த தண்ணீரைக் காட்டி நான் என்ன சொல்வது?

அப்போது அத்தை ஊறுகாய் ஜாடி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“பத்மா, இது எந்தக் கெணத்துத் தண்ணிம்மா?”

“எது அத்தை?”

“ஒன் ஜாடித் தண்ணிதான். காலைல கெடங்கக் கூட்டப் போனேன், தெறந்து பாத்தா அடியில ஒரே கசடு. மூக்குல ஏறி கண்ணெல்லாம் எரியுது. பெரிய மனுஷர் வர்ற நாள்ல வடிகட்டாத தண்ணிய வெச்சிருக்கியேன்னு துணிய மடிச்சிப் போட்டு வடிச்சி, நல்ல தண்ணிய ஜாடிலயே ஊத்திட்டேன். துணில தங்கினத அலசி இதுல வெச்சிருக்கேன். எந்தத் தண்ணியோ அந்தத் தண்ணிலதான சேக்கணும்?”

ராஜிக்கும் சாருக்கும் நான் விளக்க வேண்டியிருந்தது. எங்கள் வீடுகளில் தண்ணீரை வடிகட்டினால் துணியில் தங்கியதைக் கண்ட இடத்தில் கொட்டுவதில்லை. ஒரு தண்ணீரில் பிறந்த உயிர் இன்னொரு தண்ணீரில் பிழைக்காது என்று, எடுத்த கிணற்றிலேயே திரும்பச் சேர்த்துவிடுவோம். எந்தக் கிணறு என்று தெரியாததால் அத்தை காலையிலிருந்து அந்த ஜாடியைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்திருந்தால் என் இரண்டு வார இலையும் கிணற்றுக்குள் போயிருக்கும்.

“மெட்ராஸ்லேர்ந்து கேன்ல வந்த தண்ணி அத்தை அது,” என்றேன்.

“அப்ப மெட்ராசுக்கே எடுத்துனு போவச் சொல்லு. நம்ம கெணத்துல உட்டா அதுங்க பொழைக்காது.”

ராஜி முதல் காரியமாக அத்தையின் கையை சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள். பிறகு ஊறுகாய் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அமிலத்தில் கரைத்து, சோதனைத் திரவத்தை என் கையில் கொடுத்து, “நீ விடு” என்றாள். விட்டேன். குழாய்க்குள் ஆரஞ்சு நிறம் திரண்டு விழுந்தது. பெரிய சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு குழாயை வாங்கினார்.

“நான் நினைச்சதை விட ரொம்ப ஜாஸ்தி இருக்கே,” என்றார். “இதுல எது எவ்வளவுன்னு மெட்ராஸ்லதான் பிரிச்சுப் பாக்கணும். ஆனா விடக் கூடாது. ராஜேஸ்வரி, இனிமே இலையையும் நீயே எடுத்துக்கோ.” என் பக்கம் திரும்பினார். “ரொம்ப ஒத்தாசையா இருந்தீங்கம்மா. தேங்க்ஸ்.”

அவ்வளவுதான். தேங்க்ஸ். என் பச்சை நகங்களைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன்.

“இல்ல சார், இலை பத்மாவோடது,” என்றாள் ராஜி.

“இவங்க எம்.எஸ்ஸி. பண்ணலையேம்மா.”

“பண்ணின நான் வேரையே இன்னும் முடிக்கல சார். இலையையும் எங்கிட்ட குடுத்தா ரெண்டும் கெட்டுப்போகும். செடி இங்க இருக்கு, கை இங்க இருக்கு. சத்து எடுக்கிற வரைக்கும் இவ பண்ணட்டும். லேபிள்ல இவ பேரைப் போட்டு அனுப்பட்டும். நாம அங்க பிரிச்சுக்கலாம்.”

சார் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். என் வீட்டுக்காரர் விசிறுவதை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“வேரப் புடுங்கற வேல இல்லன்னா செய்யட்டும்,” என்றார் அத்தை. “வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடணும்.”

ஜீப் கிளம்பியபோது

அதன்பின் பல வருஷம் அந்தக் கிடங்கில் நான் இலை காய்ச்சினேன். மாசாமாசம் என் பெயர் எழுதிய பாட்டில்கள் சென்னைக்குப் போயின. அவற்றிலிருந்து என்னென்ன பிரித்தார்கள் என்பது பெரிய கதை, அது என்னுடையது இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ராஜி ஜீப்பில் ஏறினாள். ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிச் சாமான்களையெல்லாம் எனக்கே விட்டுவிட்டாள். காலையில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல வேலையைக் கையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு சின்னக் கடுப்பு, ஒரு பெருமூச்சு, உதட்டில் ஒரு கோணல், ஏதாவது இருக்கும் என்று தேடினேன். வருஷக்கணக்காக நான் பட்டதில் ஒரு துளியை அவளும் படட்டுமே என்று ஆசையாக இருந்தது.

“உடம்பைப் பாத்துக்கோடி. வெயில்ல ரொம்ப அலையாதே,” என்று கையாட்டினாள். ஜீப் திண்டிவனம் ரோட்டில் திரும்பியது. அதற்குள் பாட ஆரம்பித்துவிட்டாள், என் காதில் விழுந்தது.

“நல்ல பொண்ணும்மா அது,” என்றார் அத்தை. “கையில இருந்தத எடுத்து ஒங்கிட்ட குடுத்துட்டு, மூஞ்சி கூட சுண்டாம போவுது பாரு.”

“அதைத்தான் அத்தை பாத்துனே இருந்தேன்,” என்றேன். “கொஞ்சம் சுண்டியிருந்தா அவளுக்கு இன்னா கொறஞ்சிடும்?”